முதல் இலைக்கு உக்காந்த பிள்ளை

இப்படி நெழல்ல வந்து உக்காருங்க சார். இனி பஸ்ஸு பள்ளிக்கூடம் விட்ட பொறவுதான் வரும். அதுவரைக்கும் அந்த வெயில்ல நின்னு என்ன செய்யப் போறிய? ஏ தங்கம், சாருக்கு ஒரு டீ போடு. சீனி தூக்கலா வேண்டாம்.

நீங்க எதுக்கு வந்திருக்கியன்னு தெரியும். பிள்ளைக் கணக்கு எடுக்க. எந்தத் தெருவுல இருந்து எத்தனை படிக்கி, எத்தனை நின்னுட்டு, ஸ்கூல் ஸ்ட்ரென்த்து ஏன் இப்படி ஆச்சுன்னு. உள்ள எஸ்தர் டீச்சர் ஒரு கதை சொல்லிருப்பா. அவதான ஹெச்செம்மு, அவ சொன்னா நீங்க எழுதத்தான் செய்யணும். என் கதையையும் கேட்டுட்டுப் போங்க. ஆனா எழுத வேண்டாம். அந்த போனை மொதல்ல உள்ள வைங்க.

இந்தப் பள்ளிக்கூடம் நிக்க இடம் எங்க தாத்தா குடுத்தது. வெயிலுமுத்துன்னு கேட்டுப் பாருங்க, அவர் பேருதான் எனக்கும். இன்னைக்கு அந்தக் கேட்டுக்குள்ள நான் கால் வைக்கக் கூடாதுன்னு ஸ்டேஷன்ல சொல்லி வச்சிருக்கான். அதான் இங்கன உக்காந்திருக்கேன். தெனமும் பள்ளிக்கூடம் விடுத நேரத்துக்கு வந்துருவேன்.

சாருக்கு எந்தூரு? சரி. ஊருல எந்தப் பக்கம்? சிரிக்கிய. சொல்ல வேண்டாம், விடுங்க. எனக்கு ஆளைப் பாத்தாலே தெரிஞ்சிரும். நடக்கத வச்சுச் சொல்லிருவேன், டீ கிளாஸைப் பிடிக்கத வச்சுச் சொல்லிருவேன். இந்த ஊருல எது எவன் பிள்ளைன்னு முதுகைப் பாத்தே சொல்லுவேன் நான். அது சின்ன வயசுலருந்தே உள்ள பழக்கம்.

டீச்சர் என்ன கணக்கு சொன்னா? அறுபத்தஞ்சா? ஆமா, அறுபத்தஞ்சுதான். அதுல அறுபத்திநாலு கால்வாய்க்கு அந்தப் பக்கம், காலனிப் பிள்ளைக. மிச்சம் ஒண்ணு என் மக பிரமசக்தி. பத்தாங்கிளாஸ் படிக்கா. எங்க தெருப் பிள்ளைன்னு உள்ள இருக்கது அவ ஒருத்திதான்.

அது எப்படி ஆச்சுன்னு கேளுங்க.

தாத்தா இடம் குடுத்த காலத்துல ஒருத்தன் பிள்ளைய அனுப்பல. எல்லாப் பயலும் ஆடு பத்திக்கிட்டுப் போயிட்டான். எங்க அம்மன் கோயில் கொடை இருக்குல்லா, ஆடி மாசத் திருவிழா. செவ்வாய்க்கிழமை கொடை, மறுநாள் மத்தியானம் ஊருக்கே சாப்பாடு. தாத்தா அதுல ஒரு சட்டம் போட்டாரு. பள்ளிக்கூடத்துல பேரு இருக்க பிள்ளைக்குத்தான் முதல் பந்தி. அதுக தின்னுட்டு எந்திரிச்ச பொறவுதான் பெரிய மனுசனே உக்காரணும். முதல் இலை எங்க வீட்டுப் பிள்ளைக்கு. இலைக்கு இலை சோறு வைக்கது எங்க வீட்டு ஆம்பிளை. சோத்து ஆசையில மறு வருசமே பள்ளிக்கூடம் நெறஞ்சு போச்சு. இன்னைக்கும் அந்தப் பந்தி நடக்காம எங்க ஊருல ஒருத்தன் சோத்துல கை வைக்க முடியாது. சாமி காரியம்லா, மாத்த முடியாது.

அப்பம் எல்லாம் எங்க பிள்ளைகதான் படிச்சுதுக. காலனிப் பிள்ளைக கெழக்க எங்கயோ நடந்து போயிப் படிச்சுதுக. வரக் கூடாதுன்னு எவனும் சொல்லல சார். வரல, அவ்வளவுதான். எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு.

பொறவு இந்த மஞ்சள் வேன் வந்துச்சு பாத்தியளா, இங்கிலீஷ் மீடியம், அதுல எங்க ஆளுக பிள்ளைகளை ஒண்ணொண்ணா ஏத்திவிட ஆரம்பிச்சாங்க. ஒம்பதாங்கிளாஸுல ஒரு பெஞ்சு, பத்தாங்கிளாஸுல ஒரு பெஞ்சுன்னு ஆயிட்டு. பக்கத்து ஊரு ஸ்கூலோட சேத்திருவோம்னு மேல இருந்து சொல்லிட்டாவ. அந்த நேரம் பாத்து வந்து சேந்தா எஸ்தர் டீச்சர். வந்த வாரமே ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு கால்வாய்ப் பாலம் தாண்டிப் போயிட்டா. வீடு வீடா உக்காந்து பேசி, அங்கனயே காப்பி குடிச்சு, ஒவ்வொண்ணாக் கூட்டிட்டு வந்து இந்தக் கேட்டுல நிப்பாட்டி மாலை போட்டு உள்ள விட்டா. மாலை சார். எங்க பிள்ளைக்கு எவன் மாலை போட்டான்?

கொம்பையான்னு எனக்கு ஒரு மைத்துனன். என் பொண்டாட்டி தம்பி. கோவக்காரப் பய. அவன் நாலஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு பனமட்டையோட பாலத்துல போயி நின்னுட்டான். பனமட்டை ஓரத்துல ரம்பம் மாதிரி முள்ளு இருக்கும்லா, அதைச் சீவாமலே வச்சு இழுத்திருக்கான். ஒரு பயலுக்கு முதுகு கிழிஞ்சு சட்டை ஒட்டிக்கிட்டு. இன்னொருத்தனுக்குத் தோள்பட்டை எலும்பு போயிட்டு. புஸ்தகப் பையெல்லாம் கால்வாயில மெதக்கு. நான் அடிக்கச் சொல்லல சார், சத்தியமாச் சொல்லல. மட்டை எங்க தோட்டத்து மட்டை. அவ்வளவுதான் எனக்கும் அதுக்கும் உள்ள சம்மந்தம்.

மறுநாள் டீச்சர் பிள்ளைகளுக்கு முன்னால ஸ்கூட்டிய ஓட்டிக்கிட்டு மெதுவா வாரா. கொம்பையா வழியை மறிச்சு அவளை எறக்கி விட்டுட்டு, வண்டியில தீய வச்சு கால்வாய்க்குள்ள தள்ளிட்டான். அவ நின்னு பாத்தா. அழுவான்னு பாத்தோம். பொறவு பிள்ளைகளைத் திரும்பிப் பாத்து, நடங்கன்னு சொல்லிட்டு நடக்க ஆரம்பிச்சிட்டா. அன்னையிலருந்து நடந்துதான் வாரா. அவளுக்கு அவ்வளவு திமிரு.

அந்தப் பக்கமும் சும்மா இருப்பானா? மந்திரம்னு ஒருத்தன், கொத்தனார் வேலைக்குப் போறவன். அவன் மக சொர்ணக்கிளி என் மக கிளாஸ்தான். அவன் அருவாளோட பாலத்துல வந்து நின்னான். கொம்பையா தடுக்கக் கையை நீட்டினான் பாருங்க, ரெண்டு விரல் பாலத்துச் சுவருக்கும் அருவாளுக்கும் நடுவுல. சத்தமே இல்ல. விரல் தண்ணிக்குள்ள விழுந்துட்டு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நாங்க எல்லாரும் எறங்கித் தேடினோம். கெடைக்கல. கொம்பையா இன்னைக்கும் மீன் கறி தின்ன மாட்டான்.

போலீஸு வந்துச்சு, ரெண்டு பக்கமும் கேஸு, சமாதானக் கூட்டம்னு போட்டு எல்லாத்துக்கும் குடிக்கக் கலர் சோடா குடுத்து அனுப்பினாவ. அதுக்குப் பொறவுதான் ஊர்க்கூட்டம் போட்டோம். அதுல நான் ஒரு யோசனை சொன்னேன். நல்ல யோசனைதான் சார், இப்பவும் சொல்லுதேன். எல்லாரும் ஒரே நாள்ல போயி நம்ம பிள்ளைகளுக்கு டிசி வாங்கிருவோம். ஸ்ட்ரென்த்து விழுந்திரும். விழுந்தா கவர்மெண்ட்டே பூட்டிட்டுப் போயிரும். கை காலு ஒடைய வேண்டாம், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். எல்லாரும் கை தட்டினாவ. மறுநாளே வாங்கியாச்சு. டீச்சர் ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக் கேட்டா, வேண்டாம்னு. நாங்க கேக்கல.

என் மக பேரு மட்டும் எடுக்கல. எடுக்க முடியாது. முதல் இலை இருக்குல்லா? அதுல உக்கார எங்க வீட்டுப் பிள்ளை பேரு அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்தாகணும். இல்லன்னா உரிமை அடுத்த பங்காளிக்குப் போயிரும். ஒரு வருசம் போகட்டும், பள்ளிக்கூடத்தைப் பூட்டின பொறவு பாத்துக்கிடலாம்னு விட்டேன்.

பூட்டல. டீச்சர் இன்னும் ரெண்டு குடியிருப்புக்குப் போயி பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்துட்டா. நாங்க எடுத்த பிள்ளைக்கு மேலயே சேத்துட்டா. ஆனி கழிஞ்சு ஆடி வந்துட்டு. கொடைக்குப் பந்தக்கால் நட்ட அன்னைக்குத்தான் கொம்பையா வந்து கேட்டான், "அத்தான், இந்த வருசம் முதல் பந்தியில யாரு உக்காருவா?" அப்பத்தான் எனக்கு ஒறைக்கி. நம்ம பிள்ளைக எல்லாத்தையும் நாமளே வெளிய எடுத்துட்டோம். பள்ளிக்கூடத்துல பேரு இருக்கது பூராவும் அவங்க பிள்ளைக.

சட்டத்தை மாத்துவோம்னு ஒருத்தன் சொன்னான். சாமியாடுத பெரியவர் மாட்டவே மாட்டேன்னுட்டாரு. எனக்கு அப்படி வாக்கு வரல, வராததைச் சொல்ல மாட்டேன்னுட்டாரு. சரி, அவ்வளவு நடந்த பொறவு வர மாட்டாங்கன்னு நெனச்சோம். எவன் வருவான்? நீங்க சொல்லுங்க, நீங்களா இருந்தா வருவியளா?

வந்தாங்க. புதன்கிழமை மத்தியானம், வெயிலு மண்டையைப் பொளக்கு. கோயில் முன்னால பந்தல்ல இலை போட்டுக் கெடக்கு. பள்ளிக்கூடத்துக் கேட்டுல இருந்து வரிசையா வருதுக. யூனிபாரம் போட்டு, ரெட்டைச் சடை, ஊதா ரிப்பன். டீச்சர் முன்னால. அவளுக்குப் பின்னால என் மக. என் மக அந்தச் சொர்ணக்கிளி கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வாரா.

நான் சோத்துக் கூடையோட நிக்கேன். ஊரே பாக்கு. மக நேரா வந்து முதல் இலைக்கு முன்னால நின்னா. உக்காருவான்னு பாக்கேன். அவ உக்காரல. சொர்ணக்கிளிய அதுல உக்கார வச்சுட்டு, "இவதாம்பா எங்க ஸ்கூல்ல ஃபர்ஸ்ட்டு"ன்னுட்டு, அடுத்த இலையில போயி உக்காந்துட்டா. எங்க தாத்தா இலை சார் அது. எங்க அப்பா உக்காந்த இலை, நான் உக்காந்த இலை.

எனக்குக் கண்ணு கட்டிப் போச்சு. கூடையைக் கீழ வச்சுட்டேன். அடுப்படிக்கு நடந்து போனேன். அண்டாவுல சோறு கிண்டுத துடுப்பு இருக்கும்லா, வேம்புல செஞ்சது, ஒரு ஆள் ஒசரம். அதை எடுத்தேன். சமையக்காரன் மறிச்சான், அவனைத் தள்ளினதுல அவன் கை கொதிக்குத வடிகஞ்சிக்குள்ள போயி தோலு வழண்டுட்டு. நான் திரும்பிப் பாக்கல. பந்தலுக்குப் பின்பக்கமா வந்தேன். வரிசையா முதுகு. முதல் இலையில ரெட்டைச் சடை, ஊதா ரிப்பன், குனிஞ்சு உக்காந்திருக்கு. ஓங்கி அடிச்சேன்.

இடது காதுக்கு மேல விழுந்துச்சு. பிள்ளை அப்படியே இலைமேல சாஞ்சா. முகம் திரும்புச்சு.

என் மக சார்.

நான் என்ன கத்தினேன்னு எனக்குத் தெரியாது. நான் அடிச்சதைப் பாத்ததும் அடி ஆரம்பிச்சிட்டுன்னு எங்க ஆளுக எல்லாரும் எறங்கிட்டாங்க. பெஞ்சு பறக்கு, கரண்டி பறக்கு. கொம்பையா மூணு விரல் கையால சாம்பார் வாளியைத் தூக்கி வரிசை மேல ஊத்துதான். பிள்ளைக அலறுதுக. மகளைத் தேடிக்கிட்டு உள்ள வந்த மந்திரத்தை எட்டுப் பேரு சேந்து மிதிச்சதுல அவனுக்கு ஒரு கண்ணு போயிட்டு. டீச்சர் நாலஞ்சு சின்னப் பிள்ளைகளுக்கு மேல கவுந்து படுத்துக்கிட்டா, அவ முதுகுல எவனோ செங்கலால அடிச்சிருக்கான். நான் நடுவுல மகளைத் தூக்கிக்கிட்டு, "அடிக்காதீங்கல, அடிக்காதீங்கல, இது நம்ம பிள்ளை"ன்னு கத்திக்கிட்டுப் போறேன். என் மேலயும் ரெண்டு அடி விழுந்துச்சு. காதுலருந்து ரத்தம் வடிஞ்சு என் சட்டையெல்லாம் ஊறிப் போச்சு. இலையில வச்ச சோறெல்லாம் செவப்பு. அந்த வருசம் ஊருல எவனும் கொடைச் சோறு திங்கல.

நான் வச்ச கண்ணு வாங்காமப் பாத்தேன் சார், அந்த இலையில அந்தப் பிள்ளைதான் உக்காந்துச்சு. நான் துடுப்பு எடுத்துட்டு வாரதுக்குள்ள எப்படி மாறினதுன்னு தெரியல. அந்தச் சொர்ணக்கிளி பயந்து போயி என் மகளை இழுத்துவிட்டுட்டு ஒதுங்கிருக்கணும். வேற எப்படி? நீங்களே சொல்லுங்க.

என் மக வேற மாதிரிச் சொல்லுதா. பெரியாஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் என்னைத்தான் பாத்தா. மெதுவாச் சொன்னா, "நீங்க துடுப்பை எடுக்கதைப் பாத்தேன்பா. அதான் மாறி உக்காந்தேன். நான் இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிரும்னு நெனச்சேன்." அவ்வளவுதான். அதுதான் அவ என்கிட்டப் பேசின கடைசிப் பேச்சு. அடிபட்ட மூளைலா, என்னத்தையாவது சொல்லத்தான் செய்யும். டாக்டரே சொன்னாரு, கொஞ்ச நாள் கொழப்பம் இருக்கும்னு.

இடது காது போயிட்டு. போயிட்டுன்னா சுத்தமாப் போயிட்டு. கிளாஸுல அந்தப் பக்கம் சொர்ணக்கிளிதான் உக்காருதாளாம், டீச்சர் சொல்லுதது கேக்காட்டா எழுதிக் காட்டுததுக்கு. என் பொண்டாட்டி சொன்னா.

கேஸைப் பத்திக் கேட்டா சிரிப்பிய. வக்கீலு எங்கிட்டச் சொன்னான், "அண்ணாச்சி, அந்த அடி மட்டும் அந்தக் காலனிப் பிள்ளை மேல விழுந்திருந்துச்சுன்னா, நீங்க வெளிய வரவே முடியாது. பெத்த பிள்ளைய அப்பன் அடிச்சான்னு சொல்லி எடுத்துட்டேன்." அம்மன் காப்பாத்தினான்னுதான் சொல்லணும். எங்க தாத்தா செஞ்ச புண்ணியம். நான் அதைச் சொன்னப்ப என் பொண்டாட்டி சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிஞ்சா. பொம்பளைக்கு இதெல்லாம் புரியாது.

மக வீட்டுலதான் இருக்கா. அவ அம்மா கையால சாப்பிடுவா. நான் ஏதாவது எடுத்து வச்சா கையைக் கழுவிட்டு எந்திரிச்சிருவா. முட்டாசு மிட்டாய் வாங்கிட்டு வந்தேன், எறும்பு தின்னுச்சு. நான் வலது பக்கமாப் போயி நின்னு பேசுவேன், அந்தக் காது கேக்கும்லா. திரும்பி இடது பக்கத்தை எனக்குக் காட்டிக்கிட்டு உக்காந்திருவா. எனக்கு இருக்கது ஒரே பிள்ளை சார். ராத்திரி கஞ்சி எறங்க மாட்டேங்கு.

நாளைக்குக் கொடைப் பந்தி. ஆமா, வரும்போதே கொட்டுச் சத்தம் கேட்டிருப்பியளே. வருசம் ஒண்ணு ஓடிப் போச்சு. நாளைக்கு மத்தியானம் மறுபடியும் அந்தப் பிள்ளைக வரிசையா வரும். டீச்சர் கலெக்டர் ஆபீஸு வரைக்கும் போயிப் பேசி வச்சிருக்கா, ரெண்டு போலீஸு வருவானாம். ரெண்டு போலீஸு என்னத்தைக் கிழிப்பான்? கொம்பையா மட்டை வெட்டி அடுக்கிட்டான், இந்தத் தடவை வேற தோட்டத்துல. நான் சோத்துக் கூடையோட நிக்கணும். அவ இலையில சோறு வைக்கணும். கோயில் சோறுலா, அதையும் வேண்டாம்னு சொல்லிருவாளா? சொல்ல மாட்டா. ஒரு வாய் என் கையால வாங்கித் தின்னுட்டான்னா போதும் எனக்கு, பொறவு எல்லாம் சரியாயிரும்.

அதுக்குத்தான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்க மேல எழுதுவியள்லா, இதை மட்டும் எழுதுங்க. காலனிப் பிள்ளைகளுக்கு வேற கலருல யூனிபாரம் குடுக்கச் சொல்லுங்க. எந்தக் கலரு வேணும்னாலும் குடுங்க, நல்ல கலராவே குடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. எல்லாத்துக்கும் ஒரே துணியைப் போட்டு, ஒரே மாதிரிச் சடை போட்டு, ஒரே ரிப்பனைக் கட்டி விட்டா நம்ம பிள்ளை எது, அவன் பிள்ளை எதுன்னு மனுசனுக்கு எப்படித் தெரியும்? தப்பு அங்க இருக்கு. அதை யோசிக்க மாட்டேங்காவ.

நாளைக்குள்ள ஆகாதுன்னு எனக்கும் தெரியும். அதான் நான் ஒரு காரியம் செஞ்சேன். டவுனுக்குப் போயி செவப்பு ரிப்பன் வாங்கிட்டு வந்தேன். ஒரு உருளை முழுசா வாங்கிட்டேன். பொண்டாட்டிகிட்டக் குடுத்து, இனிமே பிள்ளைக்கு இதைத்தான் கட்டணும், நான் குடுத்தேன்னு சொல்லாதேன்னுட்டேன். கொம்பையாகிட்டயும் அவன் பயலுககிட்டயும் எங்க வீட்டுத் திண்ணையில வச்சே சொல்லியாச்சு, செவப்பு ரிப்பன் நம்ம பிள்ளை, அது மேல ஒரு தூசி படக் கூடாது, மத்தபடி உங்க இஷ்டம்னு. காலையில அவ அதை வாங்கிக்கிட்டுப் போனாளாம். உருளையோட பையில போட்டுக்கிட்டுப் போனாளாம். எனக்கு மனசு நெறஞ்சு போச்சு சார். அப்பன் குடுத்ததுன்னு தெரிஞ்சுதான் வாங்கிருப்பா.

அன்னா, பெல் அடிச்சிட்டு. இப்ப தேசிய கீதம் பாடிட்டுத்தான் விடுவாவ. கொடிக்கம்பத்தைப் பாத்து நிக்கும்லா, இங்கருந்து நமக்கு முதுகுதான் தெரியும். இருங்க, என் மகளைக் காட்டுதேன். செவப்பு ரிப்பன், நீங்களே கண்டுபிடிச்சிருவிய.

அன்னா நிக்கா. இல்ல, அது வேற பிள்ளை. அது ஏன் செவப்பு கட்டிருக்கு?

அதுக்கு அடுத்ததும் செவப்பு. பின்னால நிக்கதும். இது என்ன சார் இது. எல்லாம் துண்டு துண்டா வெட்டின ரிப்பன். சின்னதுக தலையில கூட இருக்கு. பிடுங்கிட்டாளுவ சார், என் மக ரிப்பனைப் பிடுங்கி எல்லாவளும் பங்கு போட்டுக் கட்டிக்கிட்டாளுவ. திருட்டு மூதிக. காது கேக்காத பிள்ளைன்னு ஏமாத்திட்டாளுவ. கொம்பையாகிட்ட இப்ப நான் என்னத்தைச் சொல்ல? நாளைக்குப் பின்னால இருந்து வந்தான்னா அவனுக்கு என்ன தெரியும்?

சார், டீயை அப்படி வைங்க. உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்லா. ஒருக்க எந்திரிச்சு வந்து இந்தக் கேட்டு வழியாப் பாருங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இதுல எது சார் என் பிள்ளை?